கம்பிக்குருவிகளுக்குப் புழுத்த மாவு

கல்யாணமாகி நான் சீவலப்பேரிக்கு வந்தது ஆவணியில். அந்தப் பெருமழை வந்தது கார்த்திகையில். இடைப்பட்ட காலத்தில் என் மாமியார் என்னை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லியோ, வேறு எப்படியோ கூப்பிட்டதில்லை. கோபம் எதுவும் கிடையாது. ஏதாவது வேலை சொல்ல வேண்டும் என்றால் பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்லுவார். “பாலு பொங்குது” என்பார். “வெளக்கு ஏத்துத நேரமாச்சு” என்பார். நான் எழுந்து போய்ச் செய்வேன். நானும் புதுசு, அவருக்கும் வீட்டில் இன்னொரு பெண் இருப்பது புதுசு. மாமனார் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. மகனும் தாயும் மட்டும் இருந்த வீட்டில் மூன்றாவதாக நான் வந்து சேர்ந்திருந்தேன்.

எங்கள் இரண்டு குடும்பமும் சைவம்தான். ஆனால் சைவத்திலும் கூடுதல் குறைவு இருக்கிறது. என் பிறந்த வீட்டில் பக்கத்து வீட்டு மீன் குழம்பு வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், அவ்வளவுதான். அத்தை வீட்டில் முட்டை என்ற சொல்லே வாயில் வராது. முட்டைக்கோசைக்கூட ‘கோசு’ என்றுதான் சொல்லுவார். அரிசியில் ஒரு வண்டு ஊர்ந்தால் அதைச் சுளகில் தட்டி, தாளில் ஏந்தி, புறவாசல் செடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். இந்த வீட்டுக்கு நான் பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்துவிட்டு வந்திருந்தேன். பெண் பார்க்க வந்தபோது என்ன படிப்பு என்று கேட்டதற்கு, “பி.எஸ்ஸி.” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார் என் அப்பா. தவளையும் கரப்பான்பூச்சியும் அறுத்துப் படித்தவள் என்பது கல்யாணத்துக்குப் பிறகு யார் மூலமோ அத்தையின் காதுக்குப் போயிருக்கிறது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் காய் நறுக்க அரிவாள்மனையில் உட்காரும்போது என் கையை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

மழை முதல் நாள் வெறும் மழையாகத்தான் இருந்தது. அடுத்த நாள் காற்றும் சேர்ந்துகொண்டது. மன்னார் வளைகுடாவில் புயல் என்று ரேடியோ சொன்னது. மதியத்துக்கு மேல் கரண்டு போயிற்று. என் கணவருக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. காலை டவுன் பஸ்ஸில் போனவர் திரும்பவில்லை. ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது, இனி வண்டி வராது, அவர் கடையிலேயே தங்கிக்கொள்கிறாராம் என்று கடைசி பஸ்ஸில் வந்த ஒருவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் ஒரு பக்கம் சிற்றாறு, ஒரு பக்கம் தாமிரபரணி. இரண்டும் சேருகிற இடம். மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்றால் ஊர் தீவு மாதிரி ஆகிவிடும். வெள்ளம் வீட்டுக்குள் வருமோ என்று நான் பயந்தேன். “நம்ம வீடு மேடு” என்று அத்தை தூணைப் பார்த்துச் சொன்னார்.

குளிர்தான் எனக்குப் புதிது. எங்கள் பக்கத்து ஆட்கள் குளிர் என்று சொன்னால் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு நிற்பதைத்தான் சொல்லுவார்கள். அந்த நாட்களில் காற்று சுவருக்குள் புகுந்து வந்தது. உடுத்தின சேலை காயவில்லை. விறகு நமுத்துப் புகைந்தது. இரண்டு பேரும் அடுக்களையைவிட்டு நகராமல் அடுப்பைச் சுற்றியே இருந்தோம்.

மறுநாள் காலை பால் கறக்கத் தொழுவுக்குப் போனபோதுதான் குருவிகளைப் பார்த்தோம். தொழு என்பது வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டில். ஒரு பசு, ஒரு கன்றுக்குட்டி. வைக்கோல் தூக்கிக் கட்டுவதற்காகக் குறுக்கே ஒரு கயிறு எப்போதும் இருக்கும். அந்தக் கயிற்றில் நெருக்கி நெருக்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பதினைந்து இருபது குருவிகள் உட்கார்ந்திருந்தன. முதுகு கருநீலம். நெற்றியும் கழுத்தும் செங்கல் நிறம். வால் இரண்டாகப் பிரிந்த கத்தரிக்கோல் மாதிரி. புரட்டாசி பிறந்தால் கரண்டுக் கம்பியில் வரிசையாக வந்து உட்காருகிற குருவிகள்தான். ஊரில் அவற்றைக் கம்பிக்குருவி என்று சொல்லுவார்கள். தகைவிலான் என்று ஒரு பெயர் இருப்பது எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. கம்பியில் எட்டாத உயரத்தில் பார்த்தவை இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நாங்கள் கிட்டே போயும் பறக்கவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, இறகை உப்பவைத்துக்கொண்டு இருந்தன. சிலவற்றின் வாலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அத்தை உள்ளே போய் ஒரு கை குருணை அரிசி கொண்டுவந்து சுவரோரம் தூவினார். தினமும் சிட்டுக்குருவிகளுக்குப் போடுவது வழக்கம். இவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கம்பரிசி கொண்டுவந்தார். அதுவும் அப்படியே கிடந்தது.

“நம்ம வீட்டு அரிசி பிடிக்கலையோ என்னமோ” என்றார் பசுவிடம்.

நான் தயங்கித்தான் சொன்னேன். “இதுக அரிசி திங்காது அத்தை. பூச்சிதான் திங்கும். அதுவும் பறந்துக்கிட்டே பிடிச்சுத் திங்கும். மழையில பூச்சி எதுவும் பறக்கலைல்லா. ரெண்டு நாளா பட்டினி கெடக்கும்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

அவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

“படிச்சிருக்கேன்.”

அத்தை பால் கறந்து முடிக்கும்வரை கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் இருந்த ஒரு குருவி தலைகீழாகச் சாய்ந்து கீழே விழுந்தது. பசு கால் மாற்றுவதற்குள் நான் பாய்ந்து எடுத்தேன். கையில் ஏதோ இருக்கிறது என்றே தெரியவில்லை, அவ்வளவு லேசு. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்தது. சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டேன்.

பசுவின் மேல் சில ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. மழைக்கு ஒதுங்கியவை. நான் பனையோலை விசிறியை எடுத்து ஒன்றை அடிக்க ஓங்கினேன்.

“அடிக்காத.”

கை அப்படியே நின்றது.

“ஒண்ணு பொழைக்கதுக்கு இன்னொண்ண அடிக்கணுமா? நம்ம கையால?”

கல்லூரியில் தவளையைப் பலகையில் வைத்துக் குண்டூசி குத்தும்போது எனக்குள்ளும் இதே கேள்வி ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போகும். அடுத்து டீச்சர் வந்து நிற்பார், கேள்வி போய்விடும். இங்கே கேள்வி போகவில்லை. குருவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அத்தையும் போகாமல் நின்றார். அவர் முகத்தில் இருந்தது கண்டிப்பு இல்லை, தவிப்பு. அரிசி தின்கிற குருவியாக இருந்திருந்தால் ஒரு மூட்டையே அவிழ்த்துக் கொட்டியிருப்பார்.

அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா சாக்கைக் கொங்காணி மாதிரி தலையில் போட்டுக்கொண்டு பால் வாங்க வந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள். எங்கள் வீட்டில் பால் வாங்குவாள், மோர் வாங்குவாள். அவள் வீட்டிலிருந்து எதுவும் எங்கள் வீட்டுக்கு வராது. அது சொல்லாமலே இருந்த ஒரு ஏற்பாடு. குருவியைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள். பிறகு என் காதோரம் வந்து, “ஏ புதுப்பொண்ணு, எங்கிட்ட ஈசல் கெடக்கு. தரட்டா?” என்றாள்.

“என்ன ஈசல்?”

“புரட்டாசி மழையில வெளக்கு வச்சுப் பிடிச்சது. வறுத்துக் காயவச்சு பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன். பொரிகடலையோட சேத்துத் திங்கதுக்கு. பைய, ஒங்க அத்தைக்குக் கேட்டுராம.”

அத்தைக்குக் கேட்டுவிட்டது. அவருக்குக் காது ரொம்பக் கூர்மை. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தை பால் செம்பைத் திண்டில் வைத்துவிட்டுக் கேட்டார். “அது செத்து எவ்வளவு நாளாச்சு?”

“என்ன ஆச்சி கேக்கிய? புரட்டாசிலேயே செத்துட்டுல்லா” என்றாள் அக்கா.

அத்தை கொஞ்சம் யோசித்தார். “புரட்டாசில செத்ததுக்கு இனி நாம என்ன செய்ய முடியும்? கொண்டா. தொழுவோட நிக்கட்டும். அடுக்களைப் பக்கம் வரப்பிடாது.”

அக்கா ஓடிப்போய் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு வறுத்திருந்தாள். தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவும் முடியாது. நான் மூன்று நான்கு தண்ணீரில் அலசி, வெந்நீரில் ஊறப்போட்டேன். ஊறினதும் அவை நனைத்த அவல் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டன.

ஊட்டுவது சுலபமாக இல்லை. கரப்பான்பூச்சியின் குடல் எத்தனை வளைவு என்று எனக்குப் படம் போடத் தெரியும். உயிரோடு இருக்கிற குருவியின் வாயைத் திறக்கத் தெரியாது. துணியில் சுற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு, அலகின் ஓரத்தில் நகத்தால் மெல்ல நெம்பினேன். சின்ன அலகுதான், ஆனால் திறந்தால் வாய் காது வரைக்கும் போகிறது. உள்ளே மஞ்சளாக இருந்தது. ஈர்க்குச்சி நுனியில் ஒரு ஈசலை ஒட்டவைத்து உள்ளே வைத்தேன். தலையை உதறித் துப்பிவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி துப்பியது. அக்கா, “இன்னும் உள்ள தள்ளு, உள்ள தள்ளு” என்று பதறினாள். மூன்றாவது தடவை நாக்குக்குப் பின்னால் வைத்து அலகை மூடிப் பிடித்துக்கொண்டேன். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

அத்தை தூரத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

“எறங்கிட்டா?”

“எறங்கிட்டு.”

“அப்பம்னா இன்னொண்ணு குடு.”

அன்று சாயங்காலத்துக்குள் விழுந்தவை, விழப்போனவை என்று ஆறேழு குருவிகளுக்கு ஊட்டிவிட்டேன். மற்றவை கயிற்றிலேயே இருந்தன. இருட்டும்போது காற்று இன்னும் பலமாக அடித்தது. தொழுவின் மேற்கு ஓரத்தில் ஓடு பறந்துவிட்டது.

விடிந்து போய்ப் பார்த்தால் கயிற்றுக்குக் கீழே நாலைந்து செத்துக் கிடந்தன. நான் முந்தின நாள் ஊட்டியவையும் அதில் இருந்திருக்கலாம். அடையாளம் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை அழவில்லை. ஒரு முறத்தில் அவற்றைப் பொறுக்கி எடுத்து, கொட்டுகிற மழையில் வாழைமரத்தடிக்குப் போய்க் குழி தோண்டிப் போட்டார். திரும்பி வந்து நெற்றியில் இருந்த திருநீற்றைச் சேலையால் துடைத்தாரா, மழையே அழித்துவிட்டதா தெரியவில்லை, வெறும் நெற்றியோடு என் முன்னால் நின்றார்.

“இங்கன கெடந்தா மிச்சமும் போயிரும். நார்ப்பெட்டிய எடுத்துட்டு வா.”

“எங்க வைக்க அத்தை?”

“அடுக்களைலதான். வேற எங்கன சூடு இருக்கு?”

குளிக்காமல் நான்கூட உள்ளே போகமுடியாத அடுக்களை அது. மாமனாரின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துப் பெட்டிக்குள் அவரே விரித்தார். நான் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். பறிப்பது போல எடுக்கமுடிந்தது, அவ்வளவு சோர்ந்திருந்தன. பெட்டியை அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்தோம். ஊறுகாய் ஜாடிகளை மட்டும் அத்தை பட்டாசல் என்கிற முன்கூடத்துக்கு மாற்றினார். அடுக்களை முழுவதும் ஈர இறகு வாசனை. அதோடு ஈசல் வாசனையும் சேர்ந்துகொண்டது, வறுத்த நிலக்கடலை மாதிரி. அன்று அத்தை சுடுசோற்றில் மிளகுரசம் ஊற்றி இரண்டு பேருக்கும் அங்கேயே பரிமாறினார். சாப்பிடும்போது பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. வந்ததிலிருந்து முதல் சத்தம். இரண்டு பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

மதியத்தோடு ஈசல் தீர்ந்துவிட்டது. அரைமணிக்கொரு தரம் ஊட்ட வேண்டியிருந்தது. அத்தனை சின்ன உடம்பு அவ்வளவு தின்னும் என்று நான் நினைக்கவில்லை. பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினேன். பக்கத்து வீட்டு அக்காவிடமும் இனி இல்லை.

“வேற என்னதான் திங்கும்?” என்றார் அத்தை.

“சின்னப் புழு எதுவும் திங்கும். மாவுல, ரவையில வைக்கும்லா, அந்தப் புழு. நம்ம வீட்ல எங்க இருக்கு?”

இல்லைதான். அத்தையின் டப்பாக்களில் வேப்பிலையும் மிளகாய் வற்றலும் போட்டு வைத்திருப்பார். ஒரு புழு பார்க்கமுடியாது. அன்றைக்கு அந்தப் பெருமையே இடைஞ்சலாகிவிட்டது. அத்தை எழுந்து கொடியிலிருந்து துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். “கொடைய எடு” என்றார்.

தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. குடை காற்றில் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. தெருமுனைப் பலசரக்குக் கடையில் ஒரு கதவை மட்டும் திறந்துவைத்து அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மழைக்கு ஒதுங்கிய இரண்டு மூன்று பேர் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள்.

“என்ன ஆச்சி, இந்த மழையில நீங்களே வந்துட்டிய? சொல்லிவிட்டா கொண்டாந்து தந்திருப்பமே” என்று அண்ணாச்சி எழுந்தார்.

“புழுத்த மாவு இருக்கா அண்ணாச்சி? ரவைன்னாலும் சரி.”

அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. “என்ன ஆச்சி இப்படிக் கேட்டுட்டிய? எங் கடைச் சரக்குல புழுவா? போன மாசம் அந்த உளுந்துல ஒரு வண்டு கெடந்ததுன்னு திருப்பி விட்டிய. நானும் ஒண்ணும் பேசாம மாத்தித் தந்தேன். அத இன்னும் மனசுல வச்சிருக்கியளா?”

“கொறை சொல்ல வரல. நெசமாவே புழு வேணும்.”

“என்னைச் சோதிக்கியளா?”

“ஒம்மைச் சோதிக்க நான் ஏன் மழையில நனைஞ்சு வாரேன்? குருவிக்கு வேணும். கம்பிக்குருவிக்கு. அது புழுதான் திங்குமாம். எம் மருமவ சொல்லுதா. அவ படிச்சிருக்கா.”

கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குடையைப் பார்த்தேன். பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவர், “அண்ணாச்சி, ஆச்சி இவ்வளவு தூரம் கேக்காவள்லா. எடுத்துக் குடும்வே. ஒம்ம கடையில இல்லாத புழுவா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி அவரை முறைத்துவிட்டு உள்ளே போனார். மூட்டைகளை நகர்த்துகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கடைசியில் கால் சாக்கு ரவையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். கட்டி கட்டியாக, நூல் பிடித்துப் போயிருந்தது.

“இது ஒதுக்கி வச்சது. கோழிக்குப் போட. விக்கதுக்கு இல்ல” என்று சிரித்தவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இவ்வளவு போதுமா ஆச்சி? பச்சைப்பயறு ஒரு டின்னுல கெடக்கு, அதுலயும் இருக்கும். தரட்டா?” என்றார்.

அத்தை அதையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சுளகை எடுத்து உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கப் புழுவைத் தட்டி வெளியே தள்ளிவிட்டு மாவை எடுத்துக்கொண்ட கை, அன்று ரவையைத் தள்ளிவிட்டுப் புழுவை எடுத்தது. பால் நிறத்தில், அரிசியைவிட மெலிசாக, சுளகின் மடியில் நெளிந்தன. ஒரு கிண்ணத்தில் சேர்த்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

“அத்தை, இது உயிரோட இருக்கு.”

“தெரியுது.”

“ஒண்ணுக்காக இன்னொண்ணக் கொல்லணுமான்னு நீங்கதானே...”

“ஆமா, நாந்தான் சொன்னேன். இப்பவும் சரின்னு சொல்லல. ஆனா அது வாயைத் தெறந்துக்கிட்டு கெடக்கத நான் பாத்துட்டேனே, ஏளா. பாத்த பெறவு என்ன செய்ய? பாவம்னா அது எனக்கு. எடுத்துக் குடுக்கது நான். நீ சின்னப்புள்ள, ஊட்டு.”

நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அவர் சுவாமி படத்துக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்கவில்லை.

நெளிகிற புழுவைக் கண்டதும் குருவிகள் மாறிவிட்டன. அலகை நெம்ப வேண்டியிருக்கவில்லை. ஈர்க்குச்சியைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டினால் தானே வாயைத் திறந்தன. ஒன்றிரண்டு வேண்டாம் என்று கிடந்தன, அவை அன்றைக்கே செத்துப்போயின. மற்றவை தின்றன. சாயங்காலம் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். விழித்துப் பார்த்தபோது அத்தை பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்கைப் பொத்தாமல், ஈர்க்குச்சியால் ஊட்டிக்கொண்டிருந்தார். “ம், வாங்கிக்கோ. சண்டை போடாத. நீ இப்பத்தானே தின்னே? அவளுக்குக் குடு” என்று ஒவ்வொன்றிடமும் பேசிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் அந்த வீட்டில் நான் அவ்வளவு பேச்சு கேட்டதில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் மழை விட்டது. வெயில் என்று சொல்ல முடியாது, மேகம் வெளுத்தது. காற்று நின்றது. ஊரே வெளியே வந்து ஆற்றைப் பார்க்கப் போயிற்று. நாங்கள் நார்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழுவின் வாசலில் வைத்தோம். குருவிகள் பெட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து இறகை விரித்துக் காயவைத்தன. ஒன்று பறந்து கயிற்றுக்குப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று.

பத்து மணி இருக்கும், தொழுவின் சுவரடியில் மண் பிளந்து ஈசல் கிளம்பியது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு புகை மாதிரி. நான் அப்படிப் பார்த்ததில்லை. கரிச்சான்கள் வந்தன, காக்கைகள் வந்தன, கோழிகள் ஓடிவந்தன. பக்கத்து வீட்டு அக்கா ஒரு அகலச் சட்டியில் தண்ணீரோடு ஓடிவந்தாள். அந்தக் களேபரத்துக்கு நடுவில் எங்கள் குருவிகள் எப்போது பெட்டியை விட்டன என்றே தெரியவில்லை. தலைக்கு மேலே கீச்கீச் என்று சத்தம். நிமிர்ந்து பார்த்தால் தாழ்வாகவும் உயரமாகவும் வளைந்து வளைந்து ஈசலுக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தன. அலகு மூடித் திறக்கிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது. அத்தை வாயைத் திறந்தபடி நின்றார். ஒரு ஈசல் அவர் தலைமுடியில் உட்கார்ந்தது. தட்டிவிடவில்லை.

எல்லாமே போகவில்லை. ஒன்று மட்டும் பெட்டியிலேயே இருந்தது. வலது இறகைச் சரியாக மடக்க முடியவில்லை அதற்கு. எலும்பு ஒடியவில்லை என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் அடுக்களைக்குக் கொண்டுபோனோம். அது என் கையில் தின்ன மறுத்தது. அத்தை கொடுத்தால் தின்றது. இதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியம் என் கணவர் வந்தார். பாதி வழிவரை ஒரு லாரியில் வந்து, மீதியைச் சகதியில் நடந்து வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அடுக்களை வாசலுக்கு வந்தவர், உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவர் அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குருவியின் வாயில் புழுவை வைத்துக்கொண்டிருந்தார்.

“எம்மா, என்னம்மா இது?”

“பாத்தா தெரியலையா? சத்தம் போடாத, பயப்படுது.”

“அது... புழுவா?”

“பெறவென்ன, பொங்கச்சோறா? கால் கழுவிட்டு வா எய்யா. நாலு நாளா என்னத்தத் தின்னியோ. ஏளா, அவனுக்கு இலை போடு.”

என் கணவர் என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கண்ணாலேயே கேட்டார். அவருக்குச் சொல்லி முடிக்க அன்று சாயங்காலம் ஆயிற்று. நான் ஒரு பக்கம் சொல்ல, அத்தை இடையில் புகுந்து திருத்தினார். கடைக்காரர் முகம் போன போக்கை அத்தை நடித்தே காட்டினார். என் கணவர் சிரித்துச் சிரித்து இருமினார். தாயை அப்படி அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். சிரிப்பு நின்ற பிறகும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குருவி இன்னும் இரண்டு நாள் இருந்தது. பகலில் புறவாசல் துணிக்கொடியில் உட்காரவைப்போம். கொஞ்சம் கொஞ்சமாக இறகு நேராகி வந்தது. கொடியிலிருந்து கிணற்றுச் சுவருக்கு, அங்கிருந்து தொழுவின் ஓட்டுக்கு என்று தத்தித் தத்திப் பறந்தது. மூன்றாம் நாள் காலை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கொடி ஆடியது. அவ்வளவுதான். திரும்பிப் பார்ப்பதற்குள் அது வேப்பமரத்துக்கு மேலே போய்விட்டது.

“அத்தை, போயிட்டு!”

அவர் வாளியைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு ஓடிவந்தார். முற்றத்தைக் கடந்து, நடையைத் தாண்டி, இரண்டு பேரும் தெருவுக்கே வந்துவிட்டோம். கரண்டுக் கம்பியில் முப்பது நாற்பது குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே கருநீல முதுகு, ஒரே கத்தரி வால். ஒன்று இறங்கும், ஒன்று ஏறும். இடம் மாறிக்கொண்டே இருந்தன.

அத்தை நெற்றியில் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தார்.

“எதுளா நம்மது?”

எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஓரத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த ஒன்றைக் கையால் காட்டினேன்.

அவர் அதைக் கூர்ந்து பார்த்தார். “ஆமா, அதுதான்” என்றார் உடனே. பிறகு சந்தேகம் வந்து, நடுவில் இருந்த இன்னொன்றைப் பார்த்தார். தெருவில் போனவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, கம்பியில் என்ன என்று தாங்களும் அண்ணாந்து பார்த்தார்கள். அத்தை கண்டுகொள்ளவில்லை. அவை மொத்தமாகக் கிளம்பி வயல் பக்கம் போகும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.